ரோடியர் மில்லின் மௌனம்

புதுச்சேரி முதலியார்பேட்டையில், கடற்கரையிலிருந்து சற்று உள்ளே, கடலூர் சாலையில் பூட்டிக் கிடக்கிறது ஏ.எஃப்.டி. பஞ்சாலை. ஊரார் வாயில் இன்றும் அது ரோடியர் மில்தான். 1898-இல் தொடங்கி ஆயிரக்கணக்கானோருக்குச் சோறிட்டது. புதுவையின் நீலத்துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்கா வரை போன ஊர் அல்லவா இது!

எட்டு மணி நேர வேலை இங்கே சும்மா கிடைத்துவிடவில்லை. தொழிற்சங்கத் தலைவர் வ.சுப்பையா அணிதிரட்டிய மில் தொழிலாளர்கள் மீது 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் படை சுட்டது. 12 பேர் மாண்டனர். பின்னர் ஆலை அரசுடைமையானது. நட்டம் மட்டும் நிற்கவில்லை. 2011 தானே புயல் கட்டடங்களையும் இயந்திரங்களையும் சிதைத்தது. 2020 ஏப்ரலில் மூடுவிழா.

பக்கத்துத் திடலோ கூட்டங்களுக்கும், சில காலம் தற்காலிகப் பேருந்து நிலையத்துக்கும் பயன்பட்டது. அரசுக்கு நிலத்தின் மதிப்பு தெரிகிறது. தியாகிகளின் நினைவாக ஆண்டுதோறும் மாலையிடும் அதே அரசு, ஆலையின் ஒரு பகுதியையாவது தொழிலாளர் அருங்காட்சியகமாக்க வேண்டும்.