முதலில் ஓடி வருகிறவர்கள்



தீபாவளி இதழின் ஆசிரியர் பக்கத்தில் கசப்பு கூடாது என்பது எங்கள் அலுவலகத்தில் எழுதாத சட்டம். வாழ்த்துச் சொல்லி, உள்ளே இருக்கும் கதை, கவிதை, பலகாரக் குறிப்புகளுக்கு ஒரு முன்னுரை கொடுத்து முடித்துக்கொள்வோம். இந்த முறை அந்தச் சட்டத்தைக் கொஞ்சம் மீறுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கொளுத்தப் போகும் சரவெடியும் பூச்சட்டியும் அநேகமாக விருதுநகர் மாவட்டத்தில் செய்தவை. பெட்டியில் சிவகாசி என்று அச்சிட்டிருப்பார்கள். உள்ளே திரி வைத்த கை தாயில்பட்டிக்காரருடையதாகவோ, வெற்றிலையூரணி, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்து அக்கா ஒருவருடையதாகவோ இருக்கலாம். எல்லாம் வெம்பக்கோட்டை, சாத்தூர் வட்டாரத்துக் கரிசல் ஊர்கள். வானம் பார்த்த பூமி. மழை ஏமாற்றினால் காடு கை கொடுக்காது. காலையில் வந்து நிற்கும் ஃபயர் ஆபீஸ் வேன்தான், அதாவது பட்டாசு ஆலை வேன்தான், கை கொடுக்கும்.

வெளியூர்க்காரர்கள் இந்த ஊர்ப் பெயர்களைக் கேள்விப்படுவது விபத்து நாட்களில்தான். இறந்தவர்கள் எத்தனை, நிவாரணம் எவ்வளவு, உரிமையாளர் கைதானாரா என்று இரண்டு நாள் பேசுவோம். மூன்றாம் நாள் மறந்துவிடுவோம். அந்தச் செய்திகளில் ஒரு வரி மட்டும் மாறாமல் வரும்: சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தினர் ஓடி வந்தார்கள் என்று. அந்த அக்கம்பக்கத்தினருக்கு அடுத்த வரியில் பெயர் இருக்காது. ஊர் இளைஞர்கள் என்று ஒரு பொதுப்பெயர் கிடைத்தால் பெரிய விஷயம். இந்த மாத ஆசிரியர் பக்கம் அவர்களுக்கு.

2012 செப்டம்பர் 5. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் ஒரு பட்டாசு ஆலையில் நண்பகலில் தீப்பிடித்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்களில் பலர் முதல் தீயிலேயே வெளியே ஓடித் தப்பிவிட்டார்கள். புகையைப் பார்த்துச் சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். உள்ளே யாராவது சிக்கியிருப்பார்கள், இழுத்துப் போடலாம் என்று வந்தவர்கள் உண்டு. என்ன ஏது என்று பார்க்க வந்தவர்களும் உண்டு; அந்தப் புகையில் இரண்டு பேரையும் பிரித்துப் பார்க்க யாராலும் முடியாது. அதன் பிறகுதான் பெரிய வெடிப்பு. நாற்பது பேர் அளவுக்கு இறந்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் அந்த ஆலையில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர்கள்.

அன்றைக்கு ஆசிரியர் தினம். நாடு முழுவதும் மேடை போட்டு நல்லாசிரியர்களுக்கு விருது கொடுத்துக்கொண்டிருந்த நாள்.

இதே கதை ஏற்கெனவே ஒரு துறைமுகத்தில் நடந்திருக்கிறது. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டைகீன் என்ற சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. ஒரு பக்கம் பஞ்சுப் பொதிகள், இன்னொரு பக்கம் டன் கணக்கில் வெடிமருந்து. அணைக்கப் போன தீயணைப்பு வீரர்கள் வேலையில் இருக்கும்போதே கப்பல் வெடித்தது. 66 வீரர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஐ நம் தீயணைப்புத் துறை தீத்தொண்டு நாளாக அனுசரிப்பது அவர்கள் நினைவாகத்தான். சீருடை போட்டவர்களுக்கு ஒரு நாள் வைத்தோம். கைலியோடு ஓடிப்போன முதலிப்பட்டிக்காரர்களுக்கு நாள் இல்லை.

இதைப் படித்துவிட்டு, சரி, இனிமேல் இந்த இளைஞர்களுக்கு ஒரு விழா எடுத்துச் சால்வை போர்த்திவிடலாம் என்று யாராவது கிளம்பினால் தயவுசெய்து ஒரு நிமிடம் நில்லுங்கள். நம் ஊரில் சால்வைக்குப் பஞ்சமே இல்லை. போர்த்துகிறவர் முகம் படத்தில் விழுவதற்காகவே போர்த்தப்படும் சால்வைகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓடி வருகிறவனுக்கு நாம் செய்யக்கூடிய முதல் மரியாதை, எப்போது ஓடக்கூடாது என்று அவனுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என்று நினைக்கிறேன்.

ஆலைக்குள் வேலை பார்க்கிறவர்களுக்கு மருந்தின் குணம் ஓரளவு தெரியும். உராய்வு ஆகாது, வெயிலில் காயப்போட்ட மணி மருந்தை அலட்சியமாக அள்ளக்கூடாது, முந்தின நாள் மிச்சக் கலவையை மறுநாளுக்கு வைக்கக்கூடாது. அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும் என்பதும் தெரியும். வெளியிலிருந்து ஓடி வரும் கல்லூரிப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. ஓர் அறை வெடித்து முடிந்ததும் அடங்கிவிட்டது என்று நினைப்பான். அடுத்த அறையில் என்ன இருக்கிறது, கிட்டங்கி எந்தப் பக்கம் இருக்கிறது, காற்று எங்கே அடிக்கிறது, எதுவும் பார்க்காமல் நேராக உள்ளே போவான். அவனுடைய துணிச்சல்தான் அவனுக்கு ஆபத்து.

சொல்லிக் கொடுக்க வேண்டியவை பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கூட்டத்தைத் தூரத்தில் நிறுத்துவது. சாத்தூர், சிவகாசி, வெம்பக்கோட்டையிலிருந்து வரும் தீயணைப்பு வண்டிக்கும் 108-க்கும் ரோட்டைக் காலியாக வைப்பது. வேடிக்கை பார்க்க வந்த பைக்குகளை ஓரங்கட்டவே நான்கு பேர் வேண்டியிருக்கும். தப்பி வந்த போர்மேனைப் பிடித்து, எந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டு எழுதி, தீயணைப்பு வீரர்களிடம் கொடுப்பது. ஒரு அறைக்கு நான்கு பேர் என்பது விதி. தீபாவளி நெருக்கத்தில், உள்குத்தகைக்கு விட்ட ஆலைகளில், மரத்தடியிலும் உட்கார வைத்து வேலை வாங்கியிருப்பார்கள். அந்தக் கணக்கு யார் ஏட்டிலும் இருக்காது. தப்பி வந்தவர் வாயிலிருந்துதான் தெரிய வேண்டும்.

பிறகு தீக்காயம். இட்லி மாவு, மை, பற்பசை என்று கைக்குக் கிடைத்ததைப் பூசும் பழக்கம் இன்னும் போகவில்லை. சுத்தமான தண்ணீரை விடாமல் ஊற்றிச் சூட்டைத் தணித்து, சுத்தமான துணியால் தளர்வாக மூடி அனுப்ப வேண்டும். ஒட்டிப்போன துணியைப் பிய்க்கக்கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாயில்பட்டியிலோ பக்கத்து ஊரிலோ பள்ளிக்கூடத்து மைதானத்தில் தீயணைப்பு நிலையத்தார் வந்து இருபது இளைஞர்களுக்கு இதைச் செய்து காட்டினால், அது நூறு சால்வைக்குச் சமம். பயிற்சி பெற்றவர்களின் பெயரை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலைக் கௌரவம் என்று ஒப்புக்கொள்வேன்.

அரசு விருதே இல்லை என்று சொல்ல வரவில்லை. உயிரைக் காப்பாற்றிய பொதுமக்களுக்கு மத்திய அரசின் ஜீவன் ரக்ஷா பதக்கங்கள் மூன்று நிலைகளில் இருக்கின்றன. தீ விபத்தும் அதில் அடங்கும். சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் பரிந்துரை போக வேண்டும். மாநில அரசு 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களுக்கு முதலமைச்சர் மாநில இளைஞர் விருதை ஆகஸ்ட் 15-ல் வழங்குகிறது. மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். சாலை விபத்தில் அடிபட்டவரை மருத்துவமனையில் சேர்ப்பவருக்கு 2021 முதல் பரிசுத்தொகை உண்டு. கவனியுங்கள், அது சாலை விபத்துக்கு மட்டும். அதே இளைஞன் வெடித்த ஆலையிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தால் அந்தத் திட்டத்தில் அவனுக்கு இடமில்லை.

இந்த விருதுகளுக்கு விண்ணப்பிக்க ஆதாரம் வேண்டும், படம் வேண்டும். தூக்கியவன் கையில் போன் இருந்திருக்காது. படம் எடுத்தவன் கையில் இருந்திருக்கும்.

விபத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். சேவை என்பது வெடிச்சத்தம் கேட்டுத்தான் தொடங்க வேண்டுமா என்ன? பள்ளிக்கூடம் விடுவது நாலு, நாலரை மணிக்கு. ஃபயர் ஆபீஸ் வேனில் அம்மா வந்து இறங்கப் பொழுது சாய்ந்துவிடும். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கும்? இந்த வட்டாரத்தின் பழைய கதை முழுவதும் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது. ஒரு காலத்தில் பிள்ளையும் தீப்பெட்டி ஆபீஸில்தான் இருந்தது. 1976-ல் குழந்தைத் தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற பேருந்து விபத்தில் சிக்கி 32 குழந்தைகள் இறந்தார்கள். 1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் வந்தது. 1996 டிசம்பரில் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், அபாயகரமான வேலையில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. சட்டம் பிள்ளைகளை ஆலையிலிருந்து வெளியே கொண்டுவந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு அவர்களை உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுக்க, பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி தேவைப்பட்டாள்.

கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபர் 27-ல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாநில அரசுத் திட்டம் அப்படிப்பட்ட பெண்களைத் தெருத்தெருவாகக் கண்டுபிடித்தது. மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. திண்ணையிலும், கோயில் மண்டபத்திலும், வேப்பமரத்தடியிலும் வகுப்பு. ப்ளஸ் டூ முடித்துக் கல்யாணத்துக்குக் காத்திருந்தவர்கள், பட்டப்படிப்பு முடித்தும் வெளியூருக்கு அனுப்பப்படாதவர்கள் எனத் தமிழகம் முழுவதும் லட்சக்கணக்கில் முன்வந்தார்கள். தெருவில் முதன்முறையாக அவர்களை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். ஆயிரம் ரூபாய் ஒரு மாதத்துக்கு என்ன காணும் என்பது வேறு கதை. நியாயமாகச் சொன்னால் அது சம்பளமே இல்லை.

பெண்கள் தாங்கிப் பிடிக்கும் படிப்பு விருதுநகருக்குப் புதிதும் அல்ல. காமராஜர் படித்த க்ஷத்திரிய வித்யாசாலா பிடி அரிசியில் நடந்த பள்ளிக்கூடம். உலை வைக்கும்போது வீட்டுக்கு ஒரு பிடி எடுத்து வைத்த பெண்களின் அரிசியை விற்று வாத்தியாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அங்கே படித்து, படிப்பைப் பாதியில் விட்டவர் பின்னாளில் இதே சாத்தூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் முதலமைச்சராகவும் இருந்து, பள்ளிக்கூடத்தில் சோறு போட்டார். அவருக்கு ஊருக்கு ஊர் சிலை வைத்திருக்கிறோம், நியாயம்தான். பிடி அரிசி போட்ட பெண்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா?

பெயர் போடவே முடியாத சேவையும் இந்தப் பகுதியில் உண்டு. 2021 ஜூனில் தாயில்பட்டியில் ஒரு வீட்டில் சட்டவிரோதமாகப் பட்டாசு தயாரித்தபோது வெடித்து, சிறுவன் உட்பட மூன்று பேர் இறந்தார்கள். இப்படிக் குடியிருப்புக்குள் கருந்திரியும் பட்டாசும் செய்யும் இடத்தை முன்கூட்டியே அதிகாரிகளுக்குச் சொல்கிறவன் ஒரு தெருவையே காப்பாற்றுகிறான். ஆனால் அவன் பெயரை அச்சிட்டால் மறுநாள் அந்தத் தெருவில் அவன் நடக்க முடியாது. செய்கிறவர்கள் அவனுடைய மாமன், மச்சானாகத்தான் இருப்பார்கள்; அவர்கள் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. அவனுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதை வாயை மூடிக்கொள்வது.

இனி நம் இதழ் செய்யப் போவதைச் சொல்கிறேன். அடுத்த இதழிலிருந்து ஒரு முழுப் பக்கம், விளம்பரம் இல்லாமல், ஊருக்கு உழைக்கிற இளைஞர்களுக்கு. தாயில்பட்டி வட்டாரத்திலிருந்து தொடங்குகிறோம். மற்ற ஊர்களும் வரிசையில் வரும். தன்னைப் பற்றித் தானே எழுதி அனுப்புவதை ஏற்க மாட்டோம். கட்சிக்காரர், முதலாளி, சங்கத் தலைவர் சிபாரிசுகளும் வேண்டாம். சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் பெயரோ படமோ வராது. அவசரத்துக்கு ரத்தம் கொடுப்பவர், பக்கத்து வீட்டுப் பாட்டியை மாதாமாதம் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவர், கண்மாய்க் கரையில் நட்ட மரத்துக்குக் கோடையிலும் தண்ணீர் சுமக்கிறவர், யாராக இருந்தாலும் சரி.

உங்களிடம் இன்னொரு வேலையும் ஒப்படைக்கிறேன். நவம்பர் 1 உள்ளாட்சி நாள். அன்று எல்லா ஊராட்சிகளிலும் கிராம சபை கூடும். வழக்கமான வரவு செலவோடு எழுந்து வந்துவிடாமல், உங்கள் ஊர் இளைஞர்களுக்கு மீட்பு, முதலுதவிப் பயிற்சி தர வேண்டும் என்று ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். ஆலை உள்ள ஊர் என்றால் கட்டாயம் கொண்டு வாருங்கள். தீர்மான நகலை எங்களுக்கும் அனுப்பினால் வெளியிடுவோம், அதிகாரிகளுக்கும் அனுப்பி வைப்போம்.

உங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது நடை நன்றாக இருக்க வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். அஞ்சலட்டை போதும். அவர் என்ன செய்தார், யாருக்குச் செய்தார் என்று நாலு வரி எழுதுங்கள். நேரில் வந்து விசாரித்து எழுதுவது எங்கள் வேலை.

அன்புடன்,
ஆசிரியர்