வேலையை விட்டு விலகுவோரும் சேமலாப நிதியும்

தனியார் துறையில் தொழில் புரியும் ஒருவர் வேலையை விட்டு விலகத் தீர்மானித்தவுடன் அவரிடமும் அவரது குடும்பத்தாரிடமும் முதலில் எழுகின்ற கேள்வி, ஈ.பி.எப். காசை எப்போது எடுக்கலாம் என்பதாகவே இருக்கின்றது. அதனை எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்போர் மிகச் சிலரே. இவ்விரண்டாவது கேள்வி குறித்துச் சில விடயங்களைக் கூற வேண்டியுள்ளது.

அரச ஊழியருக்கு ஓய்வூதியம் உண்டு. தனியார் துறை ஊழியருக்கு அது இல்லை. அக்குறையை ஓரளவேனும் நிவர்த்தி செய்யும் நோக்குடனேயே டி.பி. இலங்கரத்ன தொழில் அமைச்சராக இருந்த காலத்தில் 1958 இன் 15 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஊழியர் சேமலாப நிதியம் உருவாக்கப்பட்டது. ஊழியரின் சம்பாத்தியத்தில் அவரது பங்காக 8 வீதமும் தொழில்தருநரின் பங்காக 12 வீதமும் இதற்குச் செலுத்தப்பட வேண்டும். பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே இதனைப் பெற முடியும். நிரந்தர அங்கவீனம், நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறுதல், ஓய்வூதியமுள்ள அரச பதவியில் சேருதல் போன்ற விதிவிலக்குகளும் உள்ளன. திருமணத்தின் நிமித்தம் வேலையிலிருந்து விலகும் பெண்ணும் முழுத் தொகையையும் பெற்றுக்கொள்ளலாம். ஆணுக்கு இந்த விதிவிலக்கு இல்லை.

வவுனியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ கட்டுநாயக்கவுக்குச் சென்று ஆடைத் தொழிற்சாலையொன்றில் ஆறு ஆண்டுகள் பணியாற்றிய 28 வயது யுவதி ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். மாதாந்தம் 40,000 ரூபா சம்பளத்துக்கு இரு பங்குகளும் சேர்ந்து 8,000 ரூபா வீதம், வட்டி நீங்கலாக 5 இலட்சத்து 76 ஆயிரம் ரூபா அவரது கணக்கில் இருக்கும். திருமணம் நிச்சயமாகின்றது. தொகை முழுவதும் எடுக்கப்படுகின்றது. சீதன வீட்டின் கூரைக்கும், நகைக்கும், திருமண மண்டபத்துக்குமாக அது கரைந்து போகின்றது. இது தமிழ்க் குடும்பங்களில் மட்டும் நிகழ்வதன்று. முஸ்லிம் குடும்பங்களிலும் நிகழ்வதே. ஒரு பெண்ணின் முதுமைக் காலச் சேமிப்பு அவளது சீதனமாக மாற்றப்படுவதை இரு சமூகங்களும் ஒரு குறையாகவே கருதுவதில்லை என்பதுதான் வேதனைக்குரியது.

திருமணத்துடன் பெண்ணின் தொழில் வாழ்க்கை முடிந்துவிடும், அதன்பின் கணவனே பராமரிப்பான் என்ற எண்ணத்தின் மீது அமைந்த விதி இது. யதார்த்தமோ வேறு. பிள்ளைகள் பிறந்த பின்னர் அதே பெண் மீண்டும் தொழிற்சாலைக்குச் செல்கின்றாள், அல்லது மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்ணாகச் செல்கின்றாள். அப்போது அவளது கணக்கு வெறுமையாக இருக்கும். அத்தொகையை எடுக்காமல் விட்டிருந்தால், ஆண்டுக்கு 9 வீத வட்டி தொடர்ந்து சேர்ந்திருக்குமாயின், அவளது 50 வயதில் அது ஏறத்தாழ 38 இலட்சம் ரூபாவாகியிருக்கும்.

அந்த 38 இலட்சத்தின் பெறுமதி அன்று என்னவாக இருக்கும் என்று வாசகர்கள் கேட்பது நியாயமே. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. அவ்வாண்டுக்கு நிதியம் வழங்கிய வட்டி 9 வீதம் மட்டுமே. 2023 இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது சுமையின் பெரும் பகுதி இந்நிதியத்தின் திறைசேரி முறிகள் மீதே ஏற்றப்பட்டது. தொழிலாளர்களிடம் எவரும் சம்மதம் கேட்கவில்லை. அதற்கு முன்னர், 2011 இல் தனியார் துறை ஓய்வூதியச் சட்டமூலத்தை எதிர்த்துக் கட்டுநாயக்கவில் கிளர்ந்த ஊழியர்கள் மீது பொலிஸார் சுட்டதில் ரொஷேன் சானக்க என்ற இளம் தொழிலாளி உயிரிழந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது. கிடைக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்ற மனப்பான்மை அறியாமையால் மட்டும் பிறந்ததல்ல. அதில் ஆட்சியாளர்களுக்கும் பங்குண்டு.

எனினும் அவசரப்பட்டு முழுவதையும் எடுப்பது அதற்குப் பரிகாரமாகாது. வேலையை விட்டு விலகுபவருக்கு உடனடித் தேவைக்கு வேறு வழிகளும் உள்ளன. தொழில்தருநர் மட்டும் 3 வீதம் செலுத்தும் ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் தொகையை வேலையிலிருந்து விலகியதும் பெறலாம். ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு தடவை என்ற வரையறை மட்டுமே உண்டு. பதினைந்து பேருக்குக் குறையாதோர் பணியாற்றும் இடமாயின், ஐந்து வருட சேவையை நிறைவு செய்தவருக்கு 1983 இன் 12 ஆம் இலக்கச் சட்டப்படி ஒவ்வொரு வருடத்துக்கும் அரைமாதச் சம்பளம் பணிக்கொடையாக 30 நாட்களுக்குள் வழங்கப்பட வேண்டும். மேற்கூறிய யுவதிக்கு இவ்விரண்டும் சேர்ந்து இரண்டு இலட்சத்துக்கு மேல் வரும். தொடர்ந்து தொழில் செய்பவராயின், பத்து ஆண்டுகள் பங்களிப்புச் செய்து 3 இலட்சம் ரூபா மீதியும் உள்ளபோது, வீட்டுக்காகவோ மருத்துவத்துக்காகவோ சேமலாப நிதியில் 30 வீதத்தை மட்டும் எடுக்கவும் இடமுண்டு. (வட்டி தொடர்பில் முஸ்லிம் வாசகர்களுக்கு உள்ள மார்க்க ரீதியான கேள்வியை உலமாக்களிடமே விட்டுவிடுகின்றோம். ஆனால் தொழில்தருநரின் 12 வீதம் உழைப்பின் ஊதியமே என்பதில் ஐயமில்லை.)

நம் மக்களுக்கு இன்னொரு இடர் உண்டு. பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, தோட்டத்துச் செக்ரோலில் மற்றொன்று. மொஹமட், முகம்மது, வெறும் எம். என்று ஒருவரே மூவராகப் பதிவாகின்றார். முதுமையில் படிவத்துடன் தொழில் திணைக்களத்துக்குச் செல்லும்போதுதான் இது தெரிய வருகின்றது. அதற்குள் தொழிற்சாலை மூடப்பட்டிருக்கும், அல்லது தோட்ட நிர்வாகம் கைமாறியிருக்கும். அரச பெருந்தோட்டங்களில் தொழிலாளரிடம் கழிக்கப்பட்ட பணமே நிதியத்துக்குச் செலுத்தப்படாமல் ஆண்டுக்கணக்கில் நிலுவையாகக் கிடந்தமை பாராளுமன்றத்தில் பலமுறை பேசப்பட்ட விடயமாகும். ஆகவே வேலையை விட்டு விலகும் நாளிலேயே அங்கத்துவ இலக்கம், இறுதிக் கூற்று, சேவைச் சான்றிதழ் ஆகியவற்றைக் கையில் வாங்கிக்கொள்வதும், பெயர்ப் பிழை இருப்பின் தொழில்தருநர் அங்கு இருக்கும்போதே திருத்துவித்துக்கொள்வதும் அவசியம்.

திருமண விதிவிலக்கை ஒரேயடியாக நீக்குமாறு நாம் கோரவில்லை. அதற்கு இன்று பெண்களே எதிர்ப்புத் தெரிவிப்பார்கள். ஊழியரின் பங்கான 8 வீதத்தை எடுக்க அனுமதித்து, தொழில்தருநரின் 12 வீதத்தை அவளது 50 வயது வரை அவளது பெயரிலேயே தொடர்ந்து வைத்திருக்கும் ஏற்பாட்டைத் தொழில் அமைச்சு தொழிற்சங்கங்களுடன், குறிப்பாக வர்த்தக வலயங்களின் பெண் தொழிலாளருடன், கலந்துரையாட வேண்டும். அதற்கு முன்னர் நிதியத்தின் முதலீட்டுத் தீர்மானங்களில் அங்கத்தவர்களின் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கப்பட வேண்டும். அது இன்றிப் பணத்தை விட்டு வையுங்கள் என்று தொழிலாளரிடம் கூற எந்த அமைச்சருக்கும் உரிமையில்லை.