கோப்புறைக்குள் ரங்கூன்

2000களில் யாங்கோன் (பழைய ரங்கூன்) இணையக் கடைகளில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பச்சைக் குன்று மறந்திருக்காது. விண்டோஸ் எக்ஸ்பியின் முகப்புப் படம். சார்லஸ் ஓரியர் என்ற புகைப்படக்காரர் 1996இல் கலிபோர்னியாவின் சொனோமா பகுதியில் எடுத்தது. வெளியுலகத்தை எங்களில் பலர் அவ்வளவு வெளிச்சத்தோடு பார்த்தது அந்தத் திரையில்தான். கடைக்காரர் முதலில் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் நோட்டில் குறித்துக்கொள்வார். வாடிக்கையாளரின் திரையைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை படம்பிடித்து வைக்க வேண்டும் என்று அவருக்கு மேலிட உத்தரவு. ஜிமெயில் நேராகத் திறக்காது, ப்ராக்சி போட வேண்டும். வலையில் இணையக்கூடிய கணினியை அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் 7 முதல் 15 ஆண்டு சிறை என்று 1996இல் சட்டம் போட்ட நாடு அல்லவா?

இணைய லைன் இல்லாமலும் ஓடிய ஒன்று உண்டு. மைக்ரோசாப்ட் 1993இல் கொண்டுவந்த என்கார்ட்டா கலைக்களஞ்சியம். குறுந்தகட்டைச் செருகினால் போதும். எதையும் தட்டச்சு செய்து கேட்க வேண்டியதில்லை. விலங்குகள் என்று அழுத்தினால் விலங்குகள் வரிசையாக வரும். வேண்டியதைப் பார்த்துவிட்டு அதன் பக்கத்தில் இருப்பதையும் பார்க்கலாம். கோட்டைக்குள் அறை அறையாகப் போய்க் கேள்விக்குப் பதில் சொல்லும் விளையாட்டு ஒன்றும் அதில் இருந்தது. விக்கிப்பீடியா வளர்ந்து நின்ற காலத்தில், 2009இல், என்கார்ட்டா மூடப்பட்டது.

இப்போது ஓர் இணையத்தளத்தில் விக்கிப்பீடியாவையே அந்தப் பழைய எக்ஸ்பி மேசைத்திரைக்குள் வைத்துக் காட்டுகிறார்கள். திரை நிறைய மஞ்சள் கோப்புறைகள். இரட்டைச் சொடுக்கு கொடுத்தால் சாளரம் திறக்கும், அதற்குள் இன்னும் கோப்புறைகள், கடைசியில் கட்டுரை ஒரு கோப்பாகக் கிடக்கும். பழைய நினைவைக் கிளறிவிடும் வேலை என்றுதான் பலரும் இதைப் பகிர்கிறார்கள். எனக்கு அது அதைவிடப் பெரிய காரியமாகப் படுகிறது. விக்கிப்பீடியாவில் 2004 முதல் பகுப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. ஒவ்வொரு கட்டுரையையும் அதன் இனத்தோடு சேர்த்து அடுக்கி, அந்த அடுக்குகளை மேலடுக்குகளில் சேர்த்து, தன்னார்வலர்கள் இருபது ஆண்டுகளாகக் கட்டிவரும் பெரிய மரம் அது. கணினியில் அது பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் கிடக்கிறது. கைபேசியில் படிக்கும் சாதாரண வாசகர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. கோப்புறை முகம் அந்த மரத்தை எடுத்து முன்னால் வைக்கிறது.

என் பெரியப்பா வைத்தியத்துக்காக யாங்கோனிலிருந்து சென்னை வந்திருந்தபோது, வியாசர்பாடியில் உறவினர் வீட்டில் இதை அவருக்குத் திறந்து காட்டினேன். எண்பதை நெருங்கும் வயது. 1960களின் நடுவில் பள்ளிகளை அரசு எடுத்துக்கொள்வதற்கு முன் மிஷன் பள்ளியில் படித்தவர், ஆங்கிலம் சரளமாக வரும். தமிழும் படிப்பார், ஆனால் எந்த மொழியிலும் தட்டச்சு வராது. கைபேசியைக் கொடுத்து எதையாவது தேடுங்கள் என்றால், "என்னத்தைத் தேடுறது தம்பி, தெரிஞ்சதைத்தானே தேட முடியும்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்.

கோப்புறையைப் பார்த்ததும் மௌஸை வாங்கிக்கொண்டார். மியான்மர், அதற்குள் யாங்கோன், அதற்குள் கட்டடங்கள், அதற்குள் வழிபாட்டு இடங்கள். அனோயத்தா சாலையும் கொன்சேடான் தெருவும் கூடும் இடத்தில் 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலைக் கண்டதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுக்கப் படித்தார். சாளரத்தை மூடியபோது, அதே கோப்புறையில் 26ஆம் தெரு யூத ஆலயம் இருந்தது. அதையும் திறந்தார். இப்போதுள்ள கட்டடம் 1890களில் எழுந்தது. இரண்டாம் உலகப் போருக்கு முன் ரங்கூனில் ஏறக்குறைய 2,500 யூதர்கள் இருந்தார்கள். ஜப்பானியர் வந்தபோது பெரும்பாலானோர் ஓடிப்போனார்கள்.

"இந்த வாசலைத் தாண்டித்தான்பா தினம் பள்ளிக்கூடம் போனேன். உள்ள யார் சாமி கும்பிட்டாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஆளுங்க மாதிரியே அவங்களும் இந்தியாவுக்கு நடந்தாங்களா, கப்பல்ல போனாங்களா?" என்று கேட்டார். யூத ஆலயத்தைத் தேடிப் போகும் மனிதர் இல்லை அவர். காளிக்குப் பக்கத்தில் இருந்ததால் கிடைத்தது. தேடல் பெட்டி கேட்டதைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். அடுத்த வீட்டைக் காட்டாது.

பிறகு ஆற்றுக்கு அக்கரையில், சிரியம் பக்கத்துப் பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்காக இன்னும் பல கோப்புறைகளைத் திறந்து பார்த்தார். அன்று அது எங்கள் கண்ணில் படவில்லை. "இதெல்லாம் தமிழ்ல வராதா தம்பி?" என்றார்.

யாங்கோனுக்குத் திரும்பியதும் அவரால் இதைப் பார்க்க முடியாது. 2021 பிப்ரவரி 1இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. சில நாட்களில் பேஸ்புக்கை அடைத்தார்கள். அதே மாதத்தில் விக்கிப்பீடியாவின் எல்லா மொழிப் பதிப்புகளையும் அடைத்தார்கள். பர்மியம், தமிழ், ஆங்கிலம் எதுவும் பாக்கி இல்லை. விபிஎன் போட்டுப் படித்துவந்தவர்களுக்கு 2024 நடுவிலிருந்து அந்த வழியும் குறுகியது. தெருவில் நிறுத்திக் கைபேசியில் விபிஎன் இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள். 2025 ஜனவரியில் இணையப் பாதுகாப்புச் சட்டமே வந்துவிட்டது. பழைய முகம் காட்டும் தளத்தின் பச்சைக் குன்று அங்கே வந்து நின்றாலும், கோப்புறைக்குள் இருக்க வேண்டிய கட்டுரை விக்கிப்பீடியாவின் சர்வரிலிருந்துதானே வர வேண்டும்?

ஆகவே கையில் கொண்டுபோகும் வழிதான் மிச்சம். கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருள் 2007 முதல் அதற்காகவே இருக்கிறது. விக்கிப்பீடியாவை ஜிம் என்ற ஒற்றைக் கோப்பாகச் சுருக்கித் தருகிறது. ஆங்கிலப் பதிப்பு படங்களோடு 100 ஜிபிக்கு மேல். தமிழ்ப் பதிப்பு ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். நாளில் பெரும்பகுதி மின்சாரம் இல்லாத நாட்களிலும் லேப்டாப் பேட்டரி தாங்கும் வரை படிக்கலாம். பெரியப்பாவுக்கும் அதைப் போட்டுக் கொடுத்தனுப்பினேன். ஆனால் அதன் வாசல் தேடல் பெட்டிதான். பகுப்பு மரம் அங்கே கோப்புறையாக விரிவதில்லை. கோப்புறை முகத்துக்கு லைன் வேண்டும். லைன் வேண்டாத பிரதிக்குக் கோப்புறை இல்லை. தட்டச்சு தெரியாத மனிதர் இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

இன்னொரு அடைப்பு விக்கிப்பீடியாவின் பக்கத்திலேயே இருக்கிறது. விஷமிகளைத் தடுப்பதற்காக, விபிஎன் வழியாக வருபவர்களைத் திருத்த அது பொதுவாக விடுவதில்லை. தனி அனுமதி கேட்டுப் பெறலாம். அப்படி ஒன்று இருப்பது யாங்கோனில் எத்தனை பேருக்குத் தெரியும்? பீலிக்கான் கோயிலின் தீமிதியைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர்கள், மூடப்பட்ட தமிழ்ப் பள்ளிகளில் படித்தவர்கள், முகல் தெருவில் கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் அங்கே இருக்கிறார்கள். எழுத வேண்டியவர்கள் உள்ளே, எழுதும் பலகை வெளியே.

பொது அறிவைத் தமிழில் சேர்த்துவைக்கும் வேலை ரங்கூனுக்குப் புதிதல்ல. வெ. சாமிநாத சர்மா 1932 முதல் பத்தாண்டு ரங்கூனில் இருந்தார். 1937இல் 'ஜோதி' இதழைத் தொடங்கினார். பிளேட்டோவையும் உலக அரசியலையும் தமிழில் படிக்க வேண்டும் என்று நினைத்த வாசகர்கள் அன்று அங்கே இருந்தார்கள். 1942இல் குண்டுவீச்சுக்கு நடுவே அவரும் மற்றவர்களோடு நடந்தே இந்தியா போய்ச் சேர்ந்தார். போர் முடிந்த பிறகு, பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி சென்னையில் 1954இல் வெளிவந்தது. பர்மியக் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியும் அதே 1954தான். ஊ நு 1947இல் தொடங்கிய பர்மிய மொழிபெயர்ப்புக் கழகம் 1976 வரை உழைத்து 15 தொகுதிகளைக் கொண்டுவந்தது. மெர்ச்சன்ட் சாலையில் அந்தக் கழகத்தின் கட்டடம் இருக்கிறது. அதை ஒட்டிய 37ஆம் தெருவில்தான் அரிய நூல்களை நகலெடுத்துக் காப்பாற்றிய பகான் புத்தகக் கடையும் இருந்தது. ஒரு புத்தகத்தைக் கையில் வைத்திருப்பதன் அருமை ரங்கூனுக்கு நன்றாகத் தெரியும்.

சென்னையிலும் கோவையிலும் யாழ்ப்பாணத்திலும் தமிழ்க் கணிமைக்கு நேரம் கொடுக்கும் இளைஞர்களிடம் நான் கேட்பது இதுதான். தமிழ் விக்கிப்பீடியாவின் பகுப்புகளை லைன் இல்லாமலே கோப்புறைகளாகத் திறக்கும்படி ஒரு பென் டிரைவில் வைத்துக் கொடுங்கள். பத்து வருஷத்துப் பழைய விண்டோஸ் லேப்டாப்பில் எதையும் நிறுவாமல் ஓட வேண்டும். எழுத்துரு உள்ளேயே இருக்க வேண்டும், எழுத்தைப் பெரிதாக்கும் பொத்தான் கண்ணெதிரே இருக்க வேண்டும். தூரனின் பத்துத் தொகுதிகளையும் பக்கத்தில் இன்னொரு கோப்புறையாக வையுங்கள். அதோடு ஒரு வெற்றுக் கோப்புறையும் வேண்டும். கோயில் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் தாத்தா பாட்டி சொல்வதை அதில் எழுதிப் போடட்டும். யாங்கோனிலிருந்து வருகிறவர் அந்த டிரைவை உங்களிடம் கொண்டுவந்து தரட்டும். நீங்கள் சரிபார்த்து ஏற்றுங்கள்.