கூலியா களை?



கொண்டைக்கடலை கட்டுப்படியாகவில்லை என்று குறைகூறும் பெருநிலக்காரரைக் கேளுங்கள். "களையெடுப்புக் கூலி ஏறிவிட்டது, அதனால்தான் நட்டம்" என்பார். வயலிலே குனிந்து நிற்கும் கூலிப்பெண்ணே அவர் கண்ணுக்குக் களையாகத் தோன்றுகிறாள்! உண்மை யாது?

மத்தியப் பிரதேசத்தின் கரிசல் நிலங்களில், மழை ஓய்ந்தபின் மண்ணில் எஞ்சிய ஈரத்தை நம்பியே கடலை விதைக்கப்படுகிறது. குட்டைப் பயிர், தொடக்கத்தில் மெல்ல வளர்வது. முதல் 60 நாட்களுக்குள் களை முந்திக்கொண்டால் பாதி விளைச்சலும் பறிபோகக்கூடும். எனவே களையெடுப்பு வீண்செலவன்று, விளைச்சலுக்கு வேலி!

"மருந்து இருக்கிறதே!" என்பர். இருக்கிறது. விதைத்தபின், முளைக்குமுன் பெண்டிமெத்தலின் தெளிக்கலாம். மண்ணில் ஈரமில்லையேல் அது சரிவரச் செயற்படாது. செயற்பட்டாலும் சில வாரங்களே காவல். பின்னர்த் தலைதூக்கும் சக்கரவர்த்திக் கீரை போன்ற அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்துகளிற் பல, அகன்ற இலைப் பயிராகிய கடலையையும் கருக்கிவிடும். இறுதியில் தேடப்படுவது எது? அதே கூலிப்பெண்ணின் கைதானே!

மற்றொரு வழி மூடாக்கு. வரிசைகளுக்கிடையே வைக்கோலைப் பரப்பினால் ஒளி மறைபட்டுக் களை அடங்கும், ஈரமும் காக்கப்படும். எக்டேருக்குச் சுமார் 5 டன் வேண்டும். சிறு உழவன் எங்கே போவான்? அவனிடமுள்ள வைக்கோல் மாட்டுக்கே போதவில்லை. மறுபுறத்திலோ, இயந்திரம் அறுத்த நெல்வயல்களில் வைக்கோல் தீக்கிரையாகிறது! ஒருபால் இல்லாமை, ஒருபால் எரிப்பு. இரண்டையும் இணைப்பது யார் கடமை?

களை ஆய்வுக்கென்றே ஜபல்பூரில் தேசிய நிறுவனம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. அவ்வறிவை ஏழையின் வரப்புவரை கொண்டுசேர்க்கும் மனமே வேண்டும்.

நட்டத்துக்குக் கூலியே காரணம் என்போர் இதற்கும் விடை கூறட்டும்: 2024 மே மாதத்தில் கடலை இறக்குமதி வரியை நீக்கி, அயல்நாட்டுக் கடலைக்குக் கதவு திறந்தது கூலிப்பெண்ணா? ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்று 1976ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டதே. அதைக் கேட்பதும் குற்றமா?

ஆகவே தோழர்களே, ஊர்தோறும் கேளுங்கள்: எரியும் வைக்கோல் கடலை வயலுக்கு வரட்டும்! களையெடுக்கும் சக்கரக் கருவி கூட்டுறவுச் சங்கத்தில் குறைந்த வாடகைக்குக் கிடைக்கட்டும்! விளைச்சலுக்கு நியாய விலையும், களையெடுக்கும் கைக்கு நியாயக் கூலியும் ஒருசேர வரட்டும்!

உழவனையும் கூலியாளையும் மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் சூழ்ச்சியே உண்மையான களை. அதை வேரோடு பறிப்போம்!