அருவி தரும் அறிவு!

அருவியின் அடியிலே நின்றால் அறிவு பிறக்குமாம்! ஏட்டைப் புரட்ட வேண்டாம். எண்ணிப் பார்க்க வேண்டாம். ஏன் என்று கேட்கவே வேண்டாம். குளிர்நீர் தலையிலே கொட்டினால் உள்ளம் தூய்மை பெறும். தூய உள்ளத்திலே உள்ளுணர்வு ஊற்றெடுக்கும். அந்த உள்ளுணர்வு அன்றாட வாழ்வில் வழிகாட்டும் என்கிறார்கள், ஜப்பானிய ஷிண்டோ நெறியின் நோன்பாளர்கள்.

நோன்பின் பெயர் மிசோகி. தலையிலே வெண்துணி கட்டி, துடுப்பு வலிப்பதுபோல் கைகளை வீசி, கோத்த கைகளை வயிற்றின் முன் குலுக்கி, மூச்சை அடக்கி விட்டு, பிறகு அருவியிலோ ஆற்றிலோ கடலிலோ இறங்கவேண்டும். இதற்கு ஆதாரம் 712ஆம் ஆண்டில் முடிக்கப்பட்ட கொஜிக்கி என்னும் ஏடு. மாண்ட மனைவியைத் தேடி இருளுலகு சென்ற இசநாகி என்ற தெய்வம், தீட்டுக் கழியக் குளித்ததாம். இடக்கண்ணைக் கழுவக் கதிரவத் தேவி பிறந்தாளாம். வலக்கண்ணைக் கழுவ நிலவுத் தெய்வம். மூக்கைக் கழுவப் புயல் தெய்வம்! கண்ணைக் கழுவினால் தூசு போகும் என்பது நாம் அறிந்தது. கதிரவன் பிறப்பான் என்பது அவர்கள் அறிந்தது!

குளிர்நீர் பட்டால் உடல் சிலிர்க்கும், சோம்பல் அகலும். மறுப்பாரில்லை. அது நீரும் நரம்பும் செய்யும் வேலை. அந்தச் சிலிர்ப்பையே மெய்ம்மையின் குரல் என்னும்போதுதான் நாம் குறுக்கிடுகிறோம்.

அப்படியானால் உள்ளுணர்வே இல்லையா? உண்டு, தோழர்களே! அது எங்கிருந்து வருகிறது என்பதை ஜப்பானிய அறிவியலாரே காட்டிவிட்டனர். ஷோகி என்பது அந்நாட்டுச் சதுரங்கம். நொடிப்பொழுதில் நல்ல நகர்வைக் காணும் தேர்ந்த ஆட்டக்காரரின் மூளையில் ‘காடேட்’ என்னும் பகுதி சிறப்பாக இயங்குவதை, ரிக்கேன் ஆய்வு நிலையத்தார் 2011இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டே இன்னொன்றும் காட்டினர்: ஆட்டமே அறியாதவர்க்கு எளிய ஷோகியில் 15 வாரம் பயிற்சி தந்தபின், அவர்கள் மூளையிலும் அப்பகுதி இயங்கலாயிற்று. ஆடினார்கள், தோற்றார்கள், திருத்திக்கொண்டார்கள், மீண்டும் ஆடினார்கள். உழைப்பு தந்தது உள்ளுணர்வை, அருவியல்ல!

வகுப்பிலே விடையை மட்டும் எழுதும் மாணவனை, “வழி எங்கே?” என்று கேட்கிறோம். “உள்ளத்தில் தோன்றியது” என்றால் மதிப்பெண் தருவோமா? மாணவன் சொன்னால் தவறு. தெய்வத்தின் பெயரால் சொன்னால் தவமா?

கேள்வி கேட்க முடியாத அறிவு, ஆள்வோருக்கு அருமையான கருவி. ஷிண்டோ, விண்ணை வழிபட்ட பண்டை வழக்கத்தின் எச்சமே என்று எழுதிய வரலாற்றுப் பேராசிரியர் கூமே குனிடாகே, 1892இல் டோக்கியோ பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். கொஜிக்கிக் கதைகளை ஆராய்ந்த சுடா சோகிச்சியின் நூல்கள் 1940இல் தடை செய்யப்பட்டன. 1942இல் அவருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. கவட்சுரா போன்ஜி (1862–1929) வகுத்த மிசோகி முறையையோ, 1940இல் அரசு அமைத்த பேரரசு ஆட்சித் துணைக் கழகம் நாட்டு மக்களுக்கான பயிற்சியாக ஏற்றது. ஆராய்ந்தவனுக்குத் தண்டனை, அருவியில் நின்றவனுக்குப் பாராட்டு! அந்தத் ‘தூய உள்ளங்கள்’ போரைத் தடுத்தனவா? கேள்வி கேட்காத கூட்டத்தைப் போர்க்களம் விழுங்கியதுதான் வரலாறு.

தூய்மை என்று ஒன்றை வகுத்தால், தீட்டு என்று ஒருவரை ஒதுக்கத்தான் வேண்டும். 2018 ஏப்ரலில், கியோட்டோ மாவட்டத்து மைசூரு நகரில், சுமோ மற்போர் மேடையிலே உரையாற்றிய நகரத் தலைவர் மயங்கி விழுந்தார். செவிலியர் ஒருவர் உள்ளிட்ட பெண்கள் பாய்ந்தேறி, நெஞ்சை அழுத்தி உயிர்காக்க முனைந்தனர். உடனே ஒலிபெருக்கி முழங்கியது: பெண்கள் மேடையை விட்டு இறங்கவேண்டும்! ஷிண்டோ சடங்கால் புனிதமாக்கப்பட்ட மேடையாம் அது. சங்கத் தலைவர் பின்னர் மன்னிப்புக் கேட்டார், தடையை நீக்கினாரில்லை.

எண்ணிப் பாருங்கள்! ஒரு நொடியும் தயங்காமல் ஓடினாளே செவிலி, அதுவன்றோ உள்ளுணர்வு! கல்வி தந்தது, பயிற்சி வளர்த்தது, மனிதநேயம் உந்தியது. அவளை இறங்கச் சொன்னதும் ஓர் உணர்வுதான். நூற்றாண்டுகளாகக் கேள்வியின்றிப் பழகிய தீட்டுணர்வு!

உள்ளத்தில் தோன்றுவதெல்லாம் உண்மையல்ல. அதை உலகின் முன் வைத்து உரசிப் பார்ப்பதே அறிவு. அருவியிலே குளியுங்கள், உடலுக்கு நல்லது. அறிவை மட்டும் அதன் அடியிலே கரைத்துவிடாதீர்கள்!