ஜன்னலோரக் கற்றாழை

சிப்காட் பக்கம் ரூம் எடுத்து கற்றாழை வளர்க்கறீங்களா பாஸ்? 'தெற்கு ஜன்னல்ல வைங்க'ன்னு வெளிநாட்டுப் புக் சொல்லும். அது லண்டனுக்கு ஓகே. நம்ம திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி எல்லாம் 13 டிகிரி வடக்கு. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும் சூரியன் நமக்கு வடக்கே போயிடும். அப்போ தெற்கு ஜன்னல்ல நேர் வெயிலே விழாது. டிசம்பர்ல தாராளமா விழும். கிழக்கு ஜன்னல்தான் பெஸ்ட். வருஷம் முழுக்கக் காலை வெயில் கிடைக்கும்.

இலை மெலிஞ்சு வெளிச்சம் பக்கம் சாயுதா? வெயில் பத்தலை. செம்பழுப்பா மாறுதா? ஓவர்! அதுக்காக ரூம்ல இருந்ததை ஒரே நாள்ல மொட்டைமாடிக்குத் தூக்காதீங்க, வெந்துடும். 10 நாள் கொஞ்சம் கொஞ்சமா பழக்குங்க.

நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்ததும் ஸ்கிரீனை இழுத்து மூடிட்டுத் தூங்குவீங்களே... தொட்டி ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும்.