தர்பூசணி வீடியோவுக்குப் பதறுகிறோம்... மயோனைஸை மறந்துடுறோம்! கோடை உணவில் நிஜ ஆபத்து எது?

போரூர் தாண்டி ஐயப்பன்தாங்கல் பக்கம் வந்தால், மவுன்ட் - பூந்தமல்லி சாலையோரம் பகலில் தர்பூசணிக் குவியல்கள். பொழுது சாய்ந்ததும் ஷவர்மா, பானிபூரி, சிக்கன் பக்கோடா கடைகள். வெயில் ஏற ஏற, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்களிலும் ஒரு வீடியோ வலம் வரத் தொடங்கிவிடும்: "பழத்துல ஊசி போடுறாங்க, சாப்பிடாதீங்க!"

இதில் எவ்வளவு உண்மை? கோடையில் வெளியே சாப்பிடும்போது எதைக் கவனிக்கணும்?

தர்பூசணி சர்ச்சையில் என்ன நடந்தது?

2025 கோடைத் தொடக்கத்தில், தர்பூசணியில் செயற்கை நிறம் கலப்பதாகவும், அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்றும் சென்னை உணவுப் பாதுகாப்பு அதிகாரி விளக்கிய வீடியோக்கள் வைரலாகின. சில நாட்களிலேயே மக்கள் பழம் வாங்கத் தயங்கினார்கள். செங்கல்பட்டு, விழுப்புரம் பக்கம் அறுவடைக்குத் தயாராக இருந்த விவசாயிகள் விலை சரிந்து தவித்தார்கள். இழப்பீடு கேட்டுக் குரல் எழுப்பினார்கள். எல்லாப் பழத்தையும் சொல்லவில்லை, பயமில்லாமல் சாப்பிடலாம் என்று அதிகாரி தரப்பில் விளக்கம் வந்தது. ஏப்ரலில் அவர் பணியிட மாற்றம் செய்யப்பட்டார். ஆனால், விளக்கம் முதல் வீடியோ போன தூரம் போகவில்லை.

சிவப்பு ஒட்டினால் கலப்படமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. தர்பூசணியின் சிவப்புக்குக் காரணம் 'லைகோபீன்' என்ற இயற்கை நிறமி. நன்கு பழுத்த பழத்தில் டிஷ்யூ பேப்பரை அழுத்தினால் லேசாக நிறம் ஒட்டத்தான் செய்யும். ஊசி போட்டால் அந்தத் துளை வழியாகக் கிருமி புகுந்து பழம் சீக்கிரம் அழுகும். நிறமும் சதை முழுக்க ஒரே சீராகப் பரவாது. நஷ்டம் வியாபாரிக்குத்தான்.

அதற்காகக் கலப்படமே இல்லை என்று அர்த்தமில்லை. பஞ்சுமிட்டாயில் 'ரோடமைன்-பி' என்ற சாயம் இருப்பது ஆய்வில் உறுதியானதால், 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது. வித்தியாசம் என்னவென்றால், அங்கே ஆய்வக முடிவு முதலில் வந்தது. தடை பிறகு வந்தது.

அப்போ நிஜ ஆபத்து எது?

கண்ணுக்குத் தெரியாத கிருமி. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி உயிரிழந்தார். 40-க்கும் மேற்பட்டோர் சிகிச்சை பெற்றனர். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோட்டிலும் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் இறந்தார். அங்கே 'ஷிகெல்லா' பாக்டீரியா கண்டறியப்பட்டது.

தமிழ்நாடு அரசு, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்ததும் இதனால்தான். சால்மோனெல்லா, இ-கோலி, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் அதில் வளரும் அபாயம் உண்டு. முட்டை சேர்க்காத மயோனைஸுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. ஆனால், அதையும் வெயிலில் திறந்து வைத்தால் ஆபத்துதான்.

வெயிலுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் பாக்டீரியா வேகமாகப் பெருகும். சமைத்த உணவை அறைச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெளியில் 32 டிகிரிக்கு மேல் இருந்தால் 1 மணி நேரம்தான் கெடு என்கிறது அமெரிக்க வேளாண் துறை. சென்னையின் மே மாதத்தில் 32 டிகிரியெல்லாம் சர்வசாதாரணம். மொட்டைமாடி பார்ட்டிக்கும், பீச்சுக்குக் கட்டிக்கொண்டு போகும் தயிர்சாதத்துக்கும் இதே கணக்குதான்.

"மறுபடி சூடு பண்ணிக்கலாமே?" என்றால், கிருமி சாகலாம், ஆனால், சில கிருமிகள் உணவில் ஏற்கெனவே கக்கிவைத்த நச்சு சூட்டில் அழியாது.

கடையில் எதைப் பார்க்கணும்?

* பழத்தை நம் கண் முன்னால் வெட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டில் என்றால் தோலைக் கழுவிவிட்டு வெட்டுங்கள். தோலில் உள்ள அழுக்கு கத்தி வழியாகச் சதைக்குள் போகும்.
* ஷவர்மா கறி உள்ளே வரை வெந்திருக்கிறதா, மயோனைஸ் ஃப்ரிட்ஜிலிருந்து வருகிறதா என்று கவனியுங்கள்.
* ஜூஸில் போடும் ஐஸ் கட்டி நீலமாக இருந்தால் வேண்டாம். உணவுக்குப் பயன்படாத ஐஸ் என்பதற்கான அடையாளம் அது.
* கடையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா பாருங்கள்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் குறைவது, எதைக் குடித்தாலும் வாந்தி என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

போனில் என்ன செய்யணும்?

பயமுறுத்தும் வீடியோவை ஒருமுறை முழுசாகப் பார்த்தாலே, அதே மாதிரி இன்னும் பத்து வந்து நிற்கும். 'நாட் இன்ட்ரஸ்டட்' கொடுத்தால் அவை குறையும். சமையல், ஊர்சுற்றல் என்று பிடித்த விஷயங்களுக்கு இடம் கிடைக்கும். ஃபார்வர்டு பண்ணும் முன் மூன்று கேள்வி: எப்போது எடுத்தது? எந்த ஊர்? ஆய்வக முடிவு இருக்கிறதா? சந்தேகம் என்றால் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகத்தின் சமூக வலைதளப் பக்கங்களைப் பாருங்கள்.

நிஜமாகவே கெட்டுப்போன உணவைப் பார்த்தால், குரூப்பில் போடுவதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322-க்கு அனுப்புங்கள். கடையின் பெயர், இடம், நேரம், போட்டோ இருந்தால் போதும். ஐயப்பன்தாங்கல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் வருவதால், மாவட்டத்தையும் குறிப்பிடுங்கள். குரூப்பில் போட்டால் நூறு பேர் பயப்படுவார்கள். துறைக்கு அனுப்பினால் ஒருவர் வந்து மாதிரி எடுப்பார்.